ஓர் உப்பின் மூன்று வழிகள்

பீகார் மாநிலத்துச் சிற்றூர்களில், மழைக்காலம் கழிந்து மண் உலரத் தொடங்கும் நாட்களில், மண்சுவர்களின் அடியிலும் மாட்டுத் தொழுவங்களின் ஓரத்திலும் வெள்ளைப் பூப் போன்ற ஒரு படிவு தோன்றுவது உண்டு. காண்போர் அதனைச் சுண்ணாம்பு என்றோ சோற்றுப்பு என்றோ எண்ணிக் கடந்து செல்வர். ஆயினும் ஒரு காலத்தில் பேரரசுகள் போட்டியிட்டு வாங்கிய பொருள் அது. நோனியா எனப்படும் மக்கள் அம்மண்ணைச் சுரண்டி எடுத்து, நீர்விட்டு வடித்து, அந்நீரைக் காய்ச்சிக் குளிரவைத்துப் படிகங்களாகப் பிரித்தனர். அதுவே வெடியுப்பு. பீரங்கி மருந்தின் எடையில் நான்கில் மூன்று பங்கு இவ்வுப்பே. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பாட்னா நகரில் கிடங்கு அமைத்து இதனைக் கப்பலேற்றினர். 1758ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் பீகாரின் வெடியுப்பு வாணிபம் முழுவதையும் தமக்கே உரியதாக்கிக் கொண்டனர்.

இவ்வுப்பை அங்கே விளைவித்தவர் யார்? அதனைத் திரட்டியவர் நோனியாக்கள். விளைவித்தவர் அவர் அல்லர். இவ்வினாவுக்கு விடை 1877ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய ஒரு குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்லக் கசியவிட்டனர். முதல் இருபது நாட்கள் வரை ஒரு மாறுதலும் இல்லை. அதன்பின், உள்ளே சென்ற அம்மோனியா வெளியே வரும்போது நைட்ரேட்டாக மாறியிருக்கக் கண்டனர். குழாயினுள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாறுதல் நின்றுவிட்டது. மயக்க மருந்தால் நிற்கும் செயல் உயிருள்ள ஒன்றின் செயலாகவே இருத்தல் வேண்டுமன்றோ? மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே இதனைச் செய்கின்றன என்று அவர்கள் துணிந்தனர். 1890ஆம் ஆண்டை ஒட்டி வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய அறிஞர் அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். அவற்றுள் ஓரினம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. மற்றோரினம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது.

ஆகவே பீகாரின் வெண்படிவு, கால்நடைகளின் கழிவும் மனிதர் கழிவும் மண்ணில் ஊறி, பாக்டீரியாக்களின் உழைப்பால் நைட்ரேட்டாகி, அடுப்புச் சாம்பலில் உள்ள பொட்டாசியத்துடன் கூடி, வெயிலில் மண் உலரும்போது நீரோடு மேலேறி வந்து பூத்த உப்பாகும். இவ்வுப்பு மண்ணில் தோன்றிய பின்னர் அதற்கு நேரும் கதி என்ன என்பதே நாம் இங்கு ஆராயப்புகும் பொருள். நெற்பயிரையும் கோதுமையையும் வளர்ப்பதும் இதுவே. உழவரின் செல்வத்தைக் காற்றில் கரைப்பதும் இதுவே. கிணற்று நீரில் கலந்து பச்சிளங் குழந்தையின் உயிருக்கே ஊறு செய்வதும் இதுவே. உப்பு ஒன்றுதான். அதனை எடுத்துக் கையாளும் உயிர் எது, கையாளப்படும் இடம் எது என்பதைப் பொறுத்து அதன் பயன் வேறாகிறது.

முதலில் ஒரு சிறு விளக்கம் கூறுதல் நலம். நைட்ரேட் என்பது ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று பிராணவாயு அணுக்களும் சேர்ந்த கூட்டு. பிராணவாயு ஏறிய இக்கூட்டினின்றும் அவ்வாயுவைப் படிப்படியாக அகற்றுவதை, அஃதாவது அதற்கு எலெக்ட்ரான்களை அளிப்பதை, ‘ஒடுக்கம்’ என்று இரசாயன நூலார் கூறுவர். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தும், செடி அதனை நேரே பயன்படுத்த வல்லதன்று. உணவுக் கடலின் நடுவே பசித்து நிற்கும் நிலை அதனுடையது. வேரின் வழியே கிடைக்கும் நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் கொண்டே பெரும்பாலான பயிர்கள் தம் புரதத்தை ஆக்கிக் கொள்கின்றன.

முதல் வழி செடியின் வழி. வேர் தன் சக்தியைச் செலவிட்டு மண்ணீரிலுள்ள நைட்ரேட்டை உள்ளே இழுக்கிறது. அதில் ஒரு பகுதி வேரிலேயே மாற்றமுறும். பயிருக்கேற்பப் பெரும்பகுதி இலைக்குச் செல்லும். அங்கே நைட்ரேட் ரிடக்டேஸ் என்னும் நொதி அதற்கு 2 எலெக்ட்ரான்களை அளித்து நைட்ரைட் ஆக்குகிறது. இந்நொதியைச் சோயா இலையினின்றும் பிரித்து அதன் தன்மைகளை 1953ஆம் ஆண்டில் விளக்கியவர் அமெரிக்க அறிஞர்களான ஈவான்ஸும் நேசனும் ஆவர். இதன் உட்பகுதியில் மாலிப்டினம் என்னும் உலோகம் அமைந்துள்ளது. ஓர் ஏக்கருக்குத் தேவைப்படும் மாலிப்டினம் சில கிராம்களே. ஆயினும் அது கிடைக்காத புளிப்பு மண்ணில் காலிபிளவர் பயிரின் இலை தன் அகலத்தை இழந்து, நடுநரம்பு மட்டும் சாட்டை வால் போல நீளும். மூட்டை மூட்டையாக உரமிட்டும் செடி பசித்து வாடும். கருவூலம் நிறைந்திருந்தும் சாவி தொலைந்த வீட்டைப் போன்றது அதன் நிலை.

நைட்ரைட் செடிக்கு நஞ்சு. ஆகவே அதனைத் தேங்கவிடலாகாது. இலையின் பச்சையம் உள்ள சிற்றறைகளில் வேறொரு நொதி அதனை உடனே ஏற்று, மேலும் 6 எலெக்ட்ரான்களை அளித்து அம்மோனியா ஆக்குகிறது. அவ்வெலெக்ட்ரான்கள் சூரிய ஒளியின் ஆற்றலால் பெறப்படுபவை. அம்மோனியாவும் தேங்கினால் தீங்கே. அது குளூட்டமிக் அமிலத்துடன் சேர்க்கப்பட்டு, அதிலிருந்து மற்ற அமினோ அமிலங்களும் அவற்றால் புரதமும் உருவாகின்றன. நாம் உண்ணும் சோறு, சப்பாத்தி, பருப்பு ஆகியவற்றின் புரதமனைத்தும் ஏதோ ஓர் இலையிலோ வேரிலோ, வேர்முடிச்சிலோ, அம்மோனியா என்னும் இவ்வாயிலைக் கடந்து வந்ததே.

இருள் வந்தவுடன் செடி, நைட்ரேட் ரிடக்டேஸ் நொதியின் வேலையை விரைவில் அடக்கி விடுகிறது. ஏனெனில் ஒளி இல்லையேல் இரண்டாம் படிக்குப் போதிய எலெக்ட்ரான் இல்லை. முதற்படி மட்டும் நடந்தால் நஞ்சு பெருகும். அடுப்பு அணைந்த பின்னர் உலையில் அரிசியிடுவார் உண்டோ? இதனால்தான் மேகமூட்டமான நாட்களிலும் நிழலிலும் வளர்ந்த கீரையில் நைட்ரேட் மிகுதியாகத் தங்குகிறது. நல்ல வெயிலில் வளர்ந்து பிற்பகலில் பறித்த கீரையில் அது குறைவு.

தில்லி வாழ் தமிழர்கள் கரோல்பாகை அடுத்துள்ள பூசா நிலையத்தை நன்கு அறிவர். இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் முழுப்பெயர். பூசா என்பதோ பீகாரில் உள்ள ஓர் ஊர். 1905ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்ட அந்நிலையம், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்து, 1936ஆம் ஆண்டில் தன் பழம் பெயருடன் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. வெடியுப்பு பூத்த நாட்டிலிருந்து வந்த அந்நிலையத்தில், அப்ரோல் முதலிய அறிஞர்கள் கோதுமை இலை நைட்ரேட்டை எவ்வாறு ஒடுக்குகிறது என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். செடி எந்நாட்களில் எவ்வளவு நைட்ரேட்டை ஏற்க வல்லது என்று அறிந்தாலன்றி, எப்பொழுது எவ்வளவு உரமிடுவது என்பதைச் சரிவர வகுக்க இயலாது.

இரண்டாம் வழி மண்ணிலுள்ள பாக்டீரியாக்களின் வழி. இவற்றுட் பல, செடியைப் போலவே, தம் உடலை ஆக்கிக் கொள்வதற்கு நைட்ரேட்டை அம்மோனியா ஆக்குகின்றன. ஆயின் வேறு சில, உண்பதற்காக அன்றி மூச்சுவிடுவதற்காகவே நைட்ரேட்டை நாடுகின்றன. நாம் உணவை எரித்துச் சக்தி பெறப் பிராணவாயுவைக் கொள்கிறோம். நீர் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணில் அவ்வாயு இல்லை. அங்கு வாழும் சூடோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள், நைட்ரேட்டில் பிணைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டே தம் மூச்சை நடத்துகின்றன. அப்போது நைட்ரேட் முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரிக் ஆக்ஸைடு, நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுக்களாகவும், ஈற்றில் வெறும் நைட்ரஜனாகவும் மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. இப்பாக்டீரியாக்களைப் பிரான்சு நாட்டுக் கேயோன், துப்பெத்தி என்னும் இருவர் 1886ஆம் ஆண்டில் பிரித்துக் காட்டினர்.

இவற்றை உழவரின் பகைவர் என்று மட்டும் கூறுதல் நீதியன்று. இவை இல்லையேல், மழைநீர் அடித்துச் செல்லும் நைட்ரேட் முழுவதும் கடலிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்துகொண்டே போகும். காற்றுக்குத் திரும்பும் வழி பெரிதும் அடைபடும். நகரத்துக் கழிவுநீரிலுள்ள நைட்ரேட்டை அகற்றுவதற்கும் இவற்றையே பணிகொள்கின்றனர். ஆயினும் வயலில் இவற்றின் வேலை நமக்குப் பெருநட்டமே. நெல்வயலின் நீருக்கடியில், மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய மண்படலத்தில் மட்டும் பிராணவாயு உண்டு. மேலே தூவிய யூரியா அம்மோனியாவாகி, அப்படலத்தில் நைட்ரேட்டாகி, சற்றே கீழிறங்கியதும் காற்றற்ற மண்ணில் இப்பாக்டீரியாக்களின் வசப்பட்டு வாயுவாகிறது. ஒரு மூட்டை யூரியாவில் 45 கிலோ எடை உள்ளது. அதில் நைட்ரஜன் ஏறத்தாழ 20 கிலோ. 1999ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, உலகெங்கும் தானியப் பயிருக்கு இடும் நைட்ரஜனில் மணியில் சேர்வது மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணில் தங்கலாம். பெரும்பகுதி காற்றோடும் நீரோடும் போகிறது. போகும் வாயுக்களுள் நைட்ரஸ் ஆக்ஸைடு, பூமியை வெப்பமாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது.

இந்நட்டத்தைக் குறைக்கும் உபாயங்கள் எளியவை. உரம் முழுவதையும் ஒரே தடவையில் இடாமல், பயிர் வேண்டும் பருவங்களில் பகுத்து இடுதல் ஒன்று. இலையின் பச்சை நிறத்தை ஒரு வண்ண அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்த்து, வெளிறிய போது மட்டும் இடுதல் மற்றொன்று. மூன்றாவது நம்மவர்க்கு நெருங்கிய உறவுடையது. யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து இடும் வழக்கம் தமிழ்நாட்டு உழவர்க்குப் பழகியதே. வேம்பிலுள்ள கசப்புப் பொருள்கள், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேகத்தைத் தணிக்கின்றன. நைட்ரேட் மெல்ல உண்டானால் செடிக்கு அதனை எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். பூசா நிலையத்து ஆய்வாளர் இதனை 1971ஆம் ஆண்டிலேயே நெற்பயிரில் சோதித்து எழுதினர். 2015ஆம் ஆண்டில், நம் நாட்டில் உழவுக்கென ஆக்கப்படும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று மத்திய அரசு விதித்தது.

செடியும் கொள்ளாமல், பாக்டீரியாவும் கொள்ளாமல் எஞ்சும் நைட்ரேட் எங்கே போகிறது? களிமண் துகளும் நைட்ரேட்டும் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஆதலின் மண் அதனைப் பிடித்து வைப்பதில்லை. பாசன நீரோடும் மழைநீரோடும் அது கீழிறங்கிச் செல்கிறது. ஆழத்தில் பாக்டீரியாக்களுக்கு வேண்டிய உணவு அரிது. எனவே ஒடுக்குவார் இன்றி அது ஆண்டுக்கணக்காக நிலத்தடி நீரிலேயே தங்குகிறது. உரமிட்ட வயல் மட்டுமே இதற்குக் காரணம் என்று கருதலாகாது. நகர்ப்புறக் குடியிருப்புகளின் மலக்குழிகள், உடைந்த சாக்கடைகள், மாட்டுக் கொட்டில்கள், குப்பை மேடுகள் ஆகிய இடங்களிலும் அதே பாக்டீரியாக்கள் அதே வேலையைச் செய்கின்றன. அன்று பாட்னா மண்சுவரின் அடியில் பூத்த உப்பே இன்று குழாய்க் கிணற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து நிற்கிறது. அன்று அது மேலேறி வெளிப்பட்டது. இன்று கீழிறங்கி மறைந்துள்ளது. வேற்றுமை அவ்வளவே.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2023ஆம் ஆண்டில் நாடெங்கும் எடுத்த நீர் மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வரம்பைக் கடந்திருந்தது. இராஜஸ்தானத்திலும் கர்நாடகத்திலும் ஏறத்தாழப் பாதி. அவற்றை அடுத்து நிற்பது நம் தமிழ்நாடே. ஆகவே இதனை அயல் மாநிலத்து நீரின் குற்றம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பிறந்த ஊரிலும் குடிபுகுந்த ஊரிலும் உள்ள பொதுக் குறை இது.

மூன்றாம் வழி மனித உடலின் உட்புறத்தே நிகழ்வது. நம் வாயிலும் குடலிலும் வாழும் பாக்டீரியாக்களும் நைட்ரேட்டை ஒடுக்கி நைட்ரைட் ஆக்கவல்லன. வளர்ந்தோர்க்கு இதனால் பெரும்பாலும் தீங்கில்லை; கீரை உண்ணும்போது நாவிலுள்ள பாக்டீரியாக்கள் இவ்வாறு செய்வது குருதிக் குழாய்கள் தளர்வதற்குத் துணை செய்கிறது என்றும் அறிஞர் கண்டுள்ளனர். பிறந்து சில மாதங்களேயான குழந்தையின் நிலை வேறு. அதன் இரைப்பையில் புளிப்பு குறைவு. ஆதலின் பாக்டீரியாக்கள் மேற்குடலிலும் பெருகி நைட்ரைட்டை உண்டாக்குகின்றன. வயிற்றுப்போக்கு இருப்பின் இந்நிலை மேலும் மோசமாகிறது. நைட்ரைட் குருதியில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினிலுள்ள இரும்பின் தன்மையை மாற்றிவிடுகிறது. மாறிய ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்காது. அதனைத் திருத்தியமைக்கும் நொதி வளர்ந்தோர்க்கு உண்டு. சிசுவுக்கோ அது போதிய அளவில் இல்லை. உதடும் நகமும் நீலம் பாய்ந்து, குருதி பழுப்பு நிறமடைந்து, குழந்தை மூச்சுக்குத் தவிக்கும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டு, அதன் காரணத்தை 1945ஆம் ஆண்டில் வெளியிட்டவர் டாக்டர் காம்லி. காலத்தே கண்டால் மெதிலீன் நீலம் என்னும் மருந்தை ஊசிவழி செலுத்தி மருத்துவர் உயிரைக் காக்க முடியும்.

இங்கே நம் குடும்பங்கள் கருத்திற் கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. குழந்தைக்குக் கொடுக்கும் நீரை நன்கு காய்ச்சிக் கொடுக்கவேண்டும் என்று நம் தாய்மார் கருதுவர். நோய்க்கிருமிகளைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரியே. ஆயின் நைட்ரேட் காய்ச்சினால் நீங்குவதன்று. நீர் ஆவியாகும், உப்பு எஞ்சும். இரண்டு லிட்டர் நீரை ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால், நைட்ரேட்டின் செறிவு இரு மடங்காகும். பீகாரில் நோனியாக்கள் வெடியுப்பு எடுத்ததும் காய்ச்சித்தான் அல்லவா? துணியால் வடிகட்டுதல், மெழுகுவத்தி வடிவ வடிகட்டி, குளோரின் ஆகியவற்றாலும் நைட்ரேட் நீங்காது. ஆர்.ஓ. கருவி அதனைப் பெருமளவு குறைக்கும். இந்நீருக்கு நிறமோ மணமோ இல்லை, சுவையாலும் அறியமுடியாது. சோதனை ஒன்றே வழி.

நகராட்சிக் குழாய் எட்டாத புதுக் குடியிருப்புகளில் குழாய்க் கிணற்று நீரை நம்பி வாழ்வோர், வீட்டில் கருவுற்ற தாயோ கைக்குழந்தையோ இருப்பின், அரசுக் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் நீரைக் கொடுத்து அறிதல் நலம். முடிவைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சில கூடங்கள் நைட்ரேட்டின் அளவைத் தரும்; சில, அதிலுள்ள நைட்ரஜனின் அளவை மட்டும் தரும். நைட்ரேட் 45 என்பதும் நைட்ரேட் நைட்ரஜன் 10 என்பதும் ஏறத்தாழ ஒரே அளவே. பத்து என்ற எண்ணைக் கண்டு குறைவென்று ஏமாறலாகாது. வரம்பு மீறிய நீர் என்று தெரிந்தால், சிசுவின் பால்மாவுக்கு வேறு நல்ல நீரைத் தேடுக. ஆறு திங்கள் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல் எல்லா வகையிலும் சிறந்தது. தாய் அருந்தும் நீரிலுள்ள நைட்ரேட் தாய்ப்பாலில் அதிகம் கலப்பதில்லை. சமைத்த கீரையை மறுநாள் வரை வெளியே வைத்திருந்து குழந்தைக்கு ஊட்டுவதையும் தவிர்க்க வேண்டும். அக்கீரையில் பெருகும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடுகின்றன.

இலையில் நிகழ்வதும், சேற்றில் நிகழ்வதும், சிசுவின் குடலில் நிகழ்வதும் இரசாயன முறையில் ஒரே முதற்படி: நைட்ரேட் நைட்ரைட்டாதல். செடி அந்நஞ்சை நொடியும் தேங்கவிடாமல் உணவாக்கிவிடுகிறது. சேற்றுப் பாக்டீரியா அதனைக் காற்றாக்கி விடுகிறது. சிசுவுக்கு இரண்டுமே இயலாது. ஆகவே சிசுவுக்காக அவ்வேலையை முன்கூட்டியே செய்யவேண்டியவர் நாமே: வயலில் அளவறிந்து உரமிடுதல், கிணற்றருகே மலக்குழியைத் தோண்டாமை, குடிக்கும் நீரைச் சோதித்தறிதல். மண்ணில் பாக்டீரியா விளைவிக்கும் உப்பை இலையிடம் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. இலை தவறவிட்டதைத் தொட்டிலுக்கு அணுகவிடாமல் காப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.